இரண்டு கையும் தண்ணீரில் இருந்தபோது வந்த கரடி

என் ஷாட்கன் என்னிடமிருந்து நான்கு எட்டு தள்ளி, ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தில் சாய்ந்திருந்தது. நான் ஓடைக்குள் ஒரு முட்டியை ஊன்றி, கையுறை போட்ட இரண்டு கையாலும் மாதிரி பாட்டிலை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டிருந்தேன். அலாஸ்காவின் சுசிட்னா பள்ளத்தாக்கில் ஒரு கிளை ஓடை. ஜூலை மாதம், சால்மன் மீன் ஓடையில் ஏறும் காலம். கரை இரண்டிலும் ஆளுயரத்துக்கு மேல் ஆல்டர் புதர். தண்ணீர்ச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. காற்று மேல்பக்கத்திலிருந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. கரடிக்கு எங்கள் வாடை போகவில்லை, எங்கள் சத்தமும் கேட்கவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

என்னோடு வந்தவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கத்தவில்லை, சாதாரணக் குரல்தான். ஆனால் அந்தக் குரலில் ஏதோ இருந்தது. நிமிர்ந்தேன். எதிர்க்கரையில் ஒரு பழுப்புக் கரடி, அதன் பின்னால் அந்த வருடத்துக் குட்டிகள் இரண்டு. தாய் பல்லைப் பல்லோடு தட்டியது. மரக்கட்டைகளை ஒன்றோடொன்று அடித்தது போல ஒரு ஒலி. வாயோரத்தில் எச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு ‘ஊஃப்’ என்று மூச்சை வெளியே தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது.

முதல் தடவை பாதி ஓடையில் நின்றுவிட்டது. நான் துப்பாக்கிப் பக்கம் பார்த்தேன். நான்கு எட்டு. கையில் பாட்டில், காலுக்கடியில் வழுக்குக் கல். ஒரு அடி எடுத்து வைத்தேன், கரடி மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை தலை தாழ்ந்து, காது பின்னால் படிந்திருந்தது. என் கூட்டாளி இடுப்பிலிருந்த கரடி ஸ்ப்ரேயை எடுத்து அதன் முன்னால் கொஞ்சம் தாழ்வாக அடித்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் எழுந்தது. கரடி அதற்குள் வந்தது, தும்மியது, பக்கவாட்டில் திரும்பிக் கரையேறிப் புதருக்குள் போனது. குட்டிகளும் பின்னாலேயே ஓடின. காற்று எங்கள் பக்கம் வீசியதால் அந்த மிளகாய்க் காட்டத்தில் பாதி எங்கள் கண்ணிலும் ஏறியது. மொத்தமும் பத்து விநாடிகூட இருக்காது. பிறகு டேப் வைத்து அளந்தோம், கரடி திரும்பிய இடம் எங்களிடமிருந்து 31 அடி.

நான் துப்பாக்கியைத் தொடவே இல்லை. அதற்கு முன் இரண்டு வருடம் எந்தத் துப்பாக்கி, எந்தக் காலிபர் (குழலின் உள்விட்டம்), எந்தக் குண்டு என்றுதான் படித்துக்கொண்டிருந்தேன். கரடி வரும் நேரத்தில் அது என் உடம்பில் இருக்குமா என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வியை முதலில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப ஆரம்பத்திலிருந்து யோசித்தேன். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்தில் இருக்கிறேன். வேலை, ஓடைகளிலும் ஆறுகளிலும் தண்ணீர் மாதிரி எடுப்பது. பிறந்தது கடையம் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். எங்கள் ஊர்ப்பக்கம் கரடி தோட்டத்துக்குள் வருவது புதிதல்ல. அங்கே யாரும் துப்பாக்கியைப் பற்றிப் பேச மாட்டார்கள். விடியும் முன் தனியாகப் போகாதே, சத்தம் கொடுத்துக்கொண்டே போ, இவ்வளவுதான். அலாஸ்காவில் பழுப்புக் கரடி மட்டும் சுமார் 30,000 இருக்கிறது, கருங்கரடி ஒரு லட்சம் என்கிறார்கள். இங்கே துப்பாக்கியும் ஸ்ப்ரேயும் கூடவே இருந்தாலும், ஊரில் கேட்ட அந்த இரண்டு புத்திமதியும் இன்றுவரை எனக்கு முதலில் நிற்கின்றன.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ‘என் நண்பரின் துப்பாக்கிதானே, ஒரு நாள் நான் தோளில் மாட்டிக்கொள்கிறேன்’ என்பதும் வைத்திருப்பதில்தான் சேரும். கிரீன் கார்டு இருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. அலாஸ்காவில் 21 வயதானவர் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லத் தனி அனுமதி தேவையில்லை என்பதைக் கேட்டுவிட்டு, அது தங்களுக்கும் பொருந்தும் என்று நினைத்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். விசாவையே இழக்க வைக்கும் தவறு இது. சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேளுங்கள், ஸ்ப்ரேயோடு போங்கள்.

சரி, கரடிக்கு வருவோம். பழுப்புக் கரடி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதாவது ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 15 மீட்டர். நூறு அடி தூரத்தில் அதைப் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு விநாடி. ஆல்டர் புதருக்குள் நூறு அடி தூரம் கண்ணுக்குத் தெரிவதே அபூர்வம். இந்த இரண்டு விநாடிக்குள் நீங்கள் பார்க்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், எடுக்க வேண்டும், குறி வைக்க வேண்டும், சுட வேண்டும். இதயத்தில் பட்ட கரடிகூட உடனே விழுந்துவிடாது, இன்னும் சில விநாடி ஓடும். உடனே நிற்க வேண்டுமானால் குண்டு மூளையிலோ முதுகுத் தண்டிலோ பட வேண்டும், அல்லது தோள் எலும்பை உடைக்க வேண்டும். அந்த எலும்பு வரை போய்ச் சேர, தடித்த மயிரையும் கொழுப்பையும் தசையையும் குண்டு கடக்க வேண்டும். கரடிக்கான துப்பாக்கியைப் பற்றிய பேச்செல்லாம் ஆழமாக ஊடுருவுவதைச் சுற்றியே நடப்பதற்கு இதுதான் காரணம். மனிதனுக்கு எதிராக வைத்துக்கொள்ளும், உள்ளே போனதும் விரியும் குண்டுகள் இங்கே தவறான தேர்வு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே என்னைக் கரடிப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். காலையில் வகுப்பு, மதியத்துக்குமேல் சுடும் களம். வாங்கிக் கொடுத்தது ரெமிங்டன் 870, 12 கேஜ் (குழல் அளவு) பம்ப் ஷாட்கன், அதாவது குழலுக்கடியில் உள்ள முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது. அலாஸ்காவில் களவேலை செய்பவர்கள் கையில் அதிகம் பார்க்கக்கூடிய துப்பாக்கி இது. விலை குறைவு, மழையையும் மண்ணையும் தாங்கும், அருகில் அடிக்கும்போது அடி பலமானது. இதில் போடும் ஸ்லக் என்ற ஒற்றைப் பெரிய குண்டு 28 கிராம் எடை. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, சாதாரண மென்மையான ஈய ஸ்லக்கை விடப் பிரென்னகே போன்ற கடின ஈய ஸ்லக் நல்லது என்று. அவற்றில் கனமானது 39 கிராம் வரும். எலும்பில் பட்டால் நசுங்கிப் பரவாமல் உள்ளே போகும். பல சின்ன ரவைகள் கொண்ட பக்‌ஷாட் வேண்டவே வேண்டாம் என்றார்கள். ஒவ்வொரு ரவையும் இலேசானது, ஆழமாகப் போகாது. ‘முதலில் ஒரு பக்‌ஷாட், அடுத்து ஸ்லக்’ என்று கலந்து போடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் சூட்டிலேயே நடக்க வேண்டியது நடக்கட்டும்.

களத்தில் தண்டவாளம் மாதிரி ஒரு வழி, அதில் ஒரு சின்ன வண்டி, வண்டியில் கரடிப் படம். கயிற்றால் இழுப்பார்கள், படம் நேராக நம்மை நோக்கி வரும். எங்கள் வேலை விதிப்படி துப்பாக்கியின் சுடும் அறையில் தோட்டா இருக்காது, குழலுக்கடியில் உள்ள குழாய் மேகஸினில் மட்டும்தான். ஆக முதலில் பம்பை இழுத்துத் தள்ள வேண்டும், பிறகு சேஃப்டி பொத்தான், பிறகு குறி, பிறகு விசை. நான் முதல் சூடு சுட்டேன், பட்டது. பம்பை இழுத்தேன், தள்ளினேன், விசையை அழுத்தினேன். ‘டிக்.’ ஒன்றும் இல்லை. படம் என் முன்னால் வந்து நின்றது.

பயிற்சியாளர் வந்து துப்பாக்கியைப் பார்த்தார். “கோளாறு ஒன்றும் இல்லை. நீங்கள் பம்பை முழுக்கப் பின்னால் இழுக்கவில்லை. பயந்த கை பாதியிலேயே திரும்பிவிடும்” என்றார். பாதி இழுத்தால் பழைய தோட்டா உறை வெளியே விழாது, அல்லது புதியது ஏறாது. வீட்டு வாசலில் நூறு தடவை பயிற்சி செய்தவருக்கும் இது நடக்கும் என்றார். அன்று சாயந்திரம் வரை இழுத்துத் தள்ளுவதை மட்டும் செய்தேன். முன்கட்டையை உடைக்கிற மாதிரி இழு என்பதுதான் அவர் கொடுத்த பாடம். கன்னத்தில் துப்பாக்கியின் பின்கட்டை, கண் குறியில், இழு, தள்ளு, சுடு. கட்டையைத் தோளிலிருந்து இறக்கக் கூடாது.

இன்னொரு பிரச்சினையை நானாகத்தான் கண்டுபிடித்தேன். என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். துப்பாக்கியின் பின்கட்டை என்னை விட அரையடி உயரமானவருக்கு அளந்து செய்தது. மழை ஜாக்கெட்டும் உள்ளே ஃபிளீஸும் போட்டுக்கொண்டு தோளுக்குத் தூக்கினால், கட்டையின் அடிப்பாகம் அக்குளில் சிக்கும். அதை விடுவிக்க ஒரு விநாடி போகும். இருப்பதே இரண்டு. கட்டை நீளத்தை ஒன்றரை அங்குலம் குறைத்து மாற்றிக்கொண்டேன். ஒரே நாளில் என் குறி மாறிவிட்டது. நம் உடல்வாகு உள்ளவர்கள், முக்கியமாகப் பெண்கள், காலிபரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். கடையில் டி-ஷர்ட்டோடு தூக்கிப் பார்க்காதீர்கள். காட்டுக்குப் போடும் ஜாக்கெட்டையும் முதுகுப்பையையும் மாட்டிக்கொண்டு தூக்கிப் பாருங்கள்.

இவ்வளவு பயிற்சிக்குப் பிறகும்தான் அந்த ஓடையில் என் ஷாட்கன் மரத்தில் சாய்ந்திருந்தது. பயிற்சியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்றரைக் கிலோ நீளத் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு யாராலும் தண்ணீர் எடுக்க முடியாது. தோளில் தொங்கவிட்டால் குனியும்போது முன்னால் சரிந்து தண்ணீரில் விழும். பையில் கட்டினால் எடுக்கவே முடியாது. மீன் பிடிப்பவர், பெர்ரி பறிப்பவர், கூடாரம் அடிப்பவர், காட்டில் கழிப்பறைக்கு உட்காருபவர், எல்லோருக்கும் இதே கதைதான்.

அந்த வருடக் குளிர்காலம் முழுக்க மற்றவர்களின் துப்பாக்கிகளைக் கடன் வாங்கிக் களத்தில் சுட்டுப் பார்த்தேன். மார்லின் 1895, .45-70 ரைஃபிள், லீவர் ஆக்‌ஷன். கனத்த, முகம் தட்டையான குண்டு, ஷாட்கன் அளவுக்கே நம்பலாம். விசைக்கடியில் இருக்கும் லீவரை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றுவது என் கைக்கு பம்பைவிட இயல்பாக வந்தது. ஆனாலும் அது நீளத் துப்பாக்கிதான், அதே மரத்தில் அதே மாதிரி சாய்ந்திருக்கும். .30-06 வேட்டை ரைஃபிள் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் புதிதாக ஒன்று வாங்க வேண்டிய அவசியமே இல்லை என்று நினைக்கிறேன். அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் இருவர் 1983-ல் இதையே சோதித்து வெளியிட்டார்கள். 15 கஜ தூரத்தில் பலவகைத் துப்பாக்கிகளைச் சுட்டு, குண்டு எவ்வளவு ஆழம் போகிறது, எவ்வளவு எடை மிச்சம் இருக்கிறது என்று அளந்தார்கள். .458, .375 போன்ற பெரிய ரைஃபிள்கள் மேலே வந்தன. 220 கிரெயின் (சுமார் 14 கிராம்) குண்டு போட்ட .30-06 நல்ல இடத்தில் நின்றது. கைத்துப்பாக்கிகள் அடியில்தான் இருந்தன.

இந்த அறிக்கையைக் காட்டி ‘கைத்துப்பாக்கி கரடிக்கு உதவாது’ என்று சொல்பவர்களோடு நான் நிறையப் பேசியிருக்கிறேன். குண்டின் பலத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் அறிக்கையில் துப்பாக்கி ஏற்கெனவே கையில் இருக்கிறது, குறியும் வைத்தாகிவிட்டது. என் ஓடையில் அப்படி இல்லை.

கைத்துப்பாக்கியில் என் முதல் ஆசை பெரிய காலிபர்தான். ஒரு நண்பர் ரூகர் சூப்பர் ரெட்ஹாக் அலாஸ்கன் என்ற ரிவால்வர் வைத்திருந்தார், .454 கசூல், குழல் இரண்டரை அங்குலம். முதல் சூட்டில் உள்ளங்கை மரத்துப்போனது. ஆறு சுட்டுவிட்டுக் கீழே வைத்தபோது கட்டைவிரல் மூட்டில் தோல் உரிந்திருந்தது. அப்புறம் அவர் ஒரு வேலை செய்தார். எனக்குத் தெரியாமல் தோட்டா போடும் சுழல் சிலிண்டரில் நல்ல தோட்டாவோடு இரண்டு வெற்று உறைகளைக் கலந்து போட்டுக் கொடுத்தார். வெற்று உறை வந்த இடத்தில் துப்பாக்கி வெடிக்கவில்லை, ஆனால் குழல் முனை இரண்டு அங்குலம் கீழே குதித்தது. வெடிக்கப் போகிறது என்று எதிர்பார்த்து என் கை தானாகவே அதை அமுக்கியிருக்கிறது. அந்த இரண்டு அங்குலம் இருபது அடி தூரத்தில் கரடியின் மார்புக்கும் அதன் காலுக்கடியில் இருக்கும் மண்ணுக்கும் உள்ள வித்தியாசம். எந்தக் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறீர்களோ, அதில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். குழல் குதித்தால் அது உங்கள் துப்பாக்கி இல்லை, குறைந்தபட்சம் இன்னும் இல்லை.

பிறகு நான்கு அங்குலக் குழல் .44 மேக்னம் ரிவால்வர், அதற்கப்புறம் கிளாக் 20, 10 மில்லிமீட்டர். போனில் ஒரு டைமர் போட்டு, முதல் சூட்டுக்கும் குறியில் படும் இரண்டாவது சூட்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். .454-ல் எனக்கு இரண்டு விநாடிக்கு மேல். .44-ல் ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேல். 10 மில்லிமீட்டரில் அரை விநாடியை ஒட்டி. இது என் கையின் கணக்கு. உங்கள் கைக்கு வேறாக இருக்கும், அதை அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கிளாக் 20-ன் மேகஸினில் 15 தோட்டா. கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர், பனிக்கரடிக்காக ரைஃபிளோடு சேர்த்து இதையும் இடுப்பில் வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு நம்பிக்கை பெற்றது. இருந்தும் நான் .44 ரிவால்வரைத்தான் வாங்கினேன். காரணம், கிளாக் போன்ற தானியங்கிக் கைத்துப்பாக்கியின் முனையை எதிலாவது அழுத்திக்கொண்டு சுட முயன்றால், ஸ்லைடு என்ற நகரும் மேல்பாகம் சற்றே பின்னால் தள்ளப்பட்டுச் சுடாமல் போகக்கூடும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் அடுத்த தோட்டா சிக்கக்கூடும். கரடி மேலே விழுந்த நிலையில் இந்த இரண்டும் நடக்கக்கூடியவை. ரிவால்வரை அதன் விலாவில் அழுத்தி விசையை இழுத்தாலும் சுடும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை இன்னொரு முறை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். என் மனைவி இதே சோதனைகளைச் செய்துவிட்டு 10 மில்லிமீட்டரைத் தேர்ந்தெடுத்தாள். அவள் கைக்கு .44 குதித்தது, கிளாக் குதிக்கவில்லை. அவள் செய்ததும் சரிதான்.

குண்டு, கடின ஈய வார்ப்பு, தட்டை முனை, 300 கிரெயினுக்குப் பக்கத்தில். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இலேசான ரிவால்வரில் கனத்த குண்டு போட்டால், ஒவ்வொரு சூட்டின் உதையிலும் மீதித் தோட்டாக்களின் குண்டு உறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவும். நழுவி வெளியே நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுற்றாது. அதனால் வாங்கும் தோட்டாவில் ஐந்தைச் சுட்டுவிட்டு ஆறாவதை எடுத்து நீளத்தை அளந்து பாருங்கள். எனக்கு ஒரு வகைத் தோட்டாவில் இது நடந்தது, உடனே மாற்றிவிட்டேன்.

கைத்துப்பாக்கியைச் செருகும் உறையை எங்கே மாட்டுவது என்பதற்குத் துப்பாக்கியை விட அதிக நேரம் செலவழித்தேன். இடுப்பில் மாட்டினால் முதுகுப்பையின் இடுப்புப்பட்டை மேலே ஏறும், இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால் நனையும். மார்பில் குறுக்காகக் கட்டும் உறைதான் எனக்குச் சரிப்பட்டது. குனிந்தாலும் உட்கார்ந்தாலும் அது அங்கேயே இருக்கும். எந்தக் கையாலும் எடுக்கலாம். ஜாக்கெட்டுக்கு வெளியே, எல்லாவற்றுக்கும் மேலே. மழை என்று ஜிப்பை இழுத்து உள்ளே மூடிவிட்டால் மறுபடி மரத்தில் சாய்த்து வைத்த மாதிரிதான்.

எங்கே சுடுவது? தலை தாழ்த்தி ஓடிவரும் கரடியின் நெற்றி என்று நம் கண்ணுக்குப் படும் உயரத்தில் பெரும்பாலும் மயிரும் தசையும்தான் இருக்கும். மூளை அதைவிடக் கீழே, சின்ன இடத்தில், மேலும் கீழும் ஆடிக்கொண்டே வரும். தாழ்வாக, நடுவில், மார்பை நோக்கிச் சுடு என்றுதான் கற்றுக்கொடுத்தார்கள். மேலே தவறினால் முதுகுக்கு மேல் காற்றில் போகும், கீழே தவறினால் முன்னங்கால் எலும்பிலாவது படும். பக்கவாட்டில் நின்றால் தோள். விழுந்த பிறகும் நிறுத்தாதே என்றார்கள்.

இப்போது ஸ்ப்ரே. கரடி ஆராய்ச்சியாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோ குழுவினர் 2008-ல் அலாஸ்காவில் ஸ்ப்ரே அடித்த 83 சம்பவங்களை ஆராய்ந்தார்கள். பழுப்புக் கரடிகளில் 92 சதவீதம், கருங்கரடிகளில் 90 சதவீதம், செய்துகொண்டிருந்ததை நிறுத்தின. ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதத்தினருக்குக் காயமே இல்லை. அதே குழுவினர் 2012-ல் துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 சம்பவங்களைப் பார்த்தார்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதம், நீளத் துப்பாக்கி 76 சதவீதம் பலன் தந்தது. துப்பாக்கி வைத்திருந்து சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு ஆய்வுகளையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதை நான் ஏற்கவில்லை. ஸ்ப்ரே சம்பவங்களில் ஆர்வத்தால் பக்கத்தில் வந்த கரடிகளும் சேர்ந்திருக்கின்றன. துப்பாக்கிக் கணக்கிலோ யாராவது காயப்பட்ட சம்பவங்கள்தான் அதிகம் பதிவாகும். ஆனால் இரண்டாவது ஆய்வில் துப்பாக்கி தோற்ற காரணங்களைப் படியுங்கள். எடுக்க நேரமில்லை, தோட்டா தீர்ந்து மறுபடி ஏற்ற முடியவில்லை, சிக்கிக்கொண்டது, குறி தவறியது. காலிபர் போதவில்லை என்பதைவிட இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

2016-ல் அலாஸ்காவின் ஒரு வேட்டை வழிகாட்டி, பாய்ந்து வந்த பழுப்புக் கரடியை 9 மில்லிமீட்டர் பிஸ்டலால் நிறுத்தினார். அது ‘9 மில்லிமீட்டரே போதும்’ என்பதற்கு ஆதாரமாகாது. பல வருடம் கரடிகளோடு வாழ்ந்தவர், கடினக் குண்டு போட்டிருந்தார், மிக அருகில் நிதானமாகச் சுட்டார். அதற்கு நேர்மாறான ஒன்று 2017 ஜூன் 19-ல் நடந்தது. போகோ தங்கச் சுரங்கத்துக்கருகே மண் மாதிரி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களை ஒரு கருங்கரடி தாக்கியது. ஒருவர் இறந்துபோனார். அதற்கு முந்தின நாள்தான் ஆங்கரேஜ் அருகே மலையோட்டப் பந்தயத்தில் ஒரு சிறுவனைக் கருங்கரடி கொன்றிருந்தது. மாதிரி எடுக்கும் வேலை என்பதால் அந்தச் செய்தி என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. குனிந்து வேலை செய்பவர் தனியாகத் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது, இன்னொருவர் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற முடிவுக்கு அப்போதுதான் வந்தேன். இப்போது நாங்கள் இருவராகப் போனால் ஒருவர் காவல் மட்டும்தான். குறிப்பெடுப்பது, போன் பார்ப்பது, பாட்டில் நீட்டுவது எதுவும் அவர் வேலை இல்லை. ஷாட்கன் அவர் கையில், ரிவால்வர் என் மார்பில், ஸ்ப்ரே இருவர் இடுப்பிலும்.

ஸ்ப்ரே எடுத்தால் சட்டப்படி குறைந்தது 225 கிராம் உள்ள, கரடிக்கென்றே தயாரித்த டப்பாவாகப் பாருங்கள். மனிதருக்கான மிளகாய் ஸ்ப்ரே போதாது. விமானத்தில் கைப்பையிலும் சரி, செக்-இன் பையிலும் சரி அனுமதியில்லை, ஆங்கரேஜில் இறங்கி வாங்குங்கள். காலாவதித் தேதி இருக்கும். காலாவதியானதை வெளியே ஒரு திறந்த இடத்தில் அடித்துப் பழகுங்கள், ஏழெட்டு விநாடியில் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று தெரியும். கூடாரத்துக்குள் மட்டும் அடிக்கவே கூடாது.

சுட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அலாஸ்காவில் உயிரைக் காக்கக் கரடியைக் கொல்லலாம். ஆனால் நீங்களே தோலை உரித்து, நகங்கள் ஒட்டியபடி, மண்டையோட்டோடு மாநில மீன், வனவிலங்குத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். அறிக்கையும் எழுதிக் கொடுக்க வேண்டும். குப்பையையோ உணவையோ சரியாக வைக்காமல் கரடியை நீங்களே வரவழைத்திருந்தால் இந்தச் சட்டம் உங்களைக் காக்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் குட்டி இல்லாத இளம் கரடி ஒன்றைச் சுட நேர்ந்தது. மழையில் ஐந்து மணி நேரம் தோலுரித்தார். வேறு வழி இருந்திருக்குமா என்று இன்னும் என்னிடம் கேட்கிறார்.

கனடா வழியாக ஓட்டிக்கொண்டு வருபவர்கள் கைத்துப்பாக்கியை மறந்துவிடுங்கள். எல்லையில் விண்ணப்பம் எழுதிக் கட்டணம் கட்டினால் சாதாரண வேட்டை ஷாட்கன், ரைஃபிளுக்கு வழியுண்டு. தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம், பூங்காக் கட்டடங்களுக்குள் கொண்டுபோகக் கூடாது.

போன செப்டம்பரில் மறுபடி அதே ஓடைக்குப் போனோம். சில்வர் சால்மன் ஏறி முடியும் நேரம், கரையெல்லாம் பாதி தின்ற மீன். ஆல்டரை நெருங்கும் முன்பிருந்தே நான் சத்தம் கொடுத்துக்கொண்டு போனேன். இங்கே எல்லோரும் ஆங்கிலத்தில் கத்துவார்கள். எனக்கு வாயில் வருவது “ஏ கரடி, வர்றோம் பாரு” என்பதுதான். கூட்டாளி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேல்பக்க வளைவைப் பார்த்தபடி நின்றார். முதல் பாட்டில் நிரம்பியது. இரண்டாவதும் நிரம்பியது. மூன்றாவதை எடுக்கும்போது எதிர்க்கரைச் சேற்றில் ஒரு காலடித் தடம் கண்ணில் பட்டது. என் கையை விரித்து வைத்தாலும் உள்ளே அடங்கும், நகக்குறி விரலை விட்டு நீளமாகத் தள்ளி இருந்தது. தடத்துக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வந்த வழியைப் பார்த்துத் தலையசைத்தார். மூன்றாவது பாட்டிலை வெறுமனே மூடிப் பையில் போட்டுக்கொண்டு, இருவரும் பேசிக்கொண்டே திறந்தவெளிக்கு நடந்தோம். அந்த மூன்றாவது மாதிரியை மறுநாள் மத்தியானம் வந்து எடுத்தோம்.